கேள்வி எழவில்லை

ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாக்கியம் என்னுடையதல்ல. இலக்கியத்தைச் சேர்ந்ததுமல்ல. 2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் எழுத்து மூலமாக வைத்த பதிலொன்றில் அது இருக்கிறது. ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்களா, ஆம் எனில் விவரம் என்ன, இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு ஏதும் தரப்பட்டதா என்று கேட்கப்பட்டிருந்தது. இறந்தவர் பற்றிய பகுதிக்குப் பதில்: அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை. இழப்பீடு பற்றிய பகுதிக்குப் பதில்: மேற்கண்டதை முன்னிட்டு, கேள்வி எழவில்லை.

முதல் பதில் அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. கண்டனங்கள் வந்தன, கேலிச் சித்திரங்கள் வந்தன. இரண்டாவது பதிலை யாரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. அது அலுவலக பாஷை. படிக்கிறவன் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு நாளின் மற்ற காரியங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மார்ச் 23 அன்று கலைந்த நாடாளுமன்றம் ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துக் கூடிய முதல் நாள் அது. மக்களவைக்குக் காலை 9 முதல் 1 மணி வரை. மாநிலங்களவைக்குப் பிற்பகல் 3 முதல் 7 வரை. ஓர் அவையின் உறுப்பினர்கள் இரண்டு அவைகளின் மண்டபங்களிலும் மாடங்களிலும் பரவி உட்கார்ந்தார்கள். இருக்கைகளுக்கு முன்னால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தடுப்பு. எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே பேசலாம். வருவதற்கு முன் எல்லோருக்கும் சோதனை. மக்களவை உறுப்பினர்களில் 17 பேருக்குத் தொற்று என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அவை தொடங்கியதும் இரங்கல். ஆகஸ்ட் 31 அன்று மறைந்த முன்னாள் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி, ஆகஸ்ட் 28 அன்று இதே நோயில் சென்னையில் இறந்துபோன கன்னியாகுமரி உறுப்பினர் எச். வசந்தகுமார், இன்னும் பலர். ஒவ்வொருவர் பெயரும் சொல்லப்பட்டது. மரியாதையாக அவை ஒரு மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டது. அன்று தி.மு.க. உறுப்பினர்கள் நீட் தேர்வுக்கு எதிரான வாசகம் எழுதிய முகக்கவசத்தோடு வந்திருந்தார்கள்; அதற்கு இரண்டு நாள் முன்புதான் தமிழ்நாட்டில் மாணவர்களின் தற்கொலைகள் நடந்திருந்தன. அந்தச் சாவுகளுக்கும் அங்கே ஏதோ ஒரு வகையில் முகம் கிடைத்தது என்று சொல்லலாம்.

இதில் எதையும் பரிகசிப்பது என் நோக்கமல்ல. தன்னோடு உட்கார்ந்திருந்தவன் செத்தால் பெயர் சொல்லி மௌனமாக நிற்பது மனித இயல்பு. அந்த இயல்பு அவைக்கு இருந்தது. எப்படி எண்ணுவது, எப்படிப் பெயர் சொல்வது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதெல்லாம் அவைக்குத் தெரிந்திருந்தது. அதே நாள், அதே அவையின் மேஜைமீது, அந்தக் காகிதமும் வைக்கப்பட்டது.

வைக்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும், வாசிக்கப்படவில்லை. அந்தக் கூட்டத் தொடரில் கேள்வி நேரம் கிடையாது. நட்சத்திரக் குறியில்லாத கேள்விகளுக்கு எழுத்தில் மட்டும் பதில். ஆகவே ஓர் உறுப்பினர் எழுந்து, அல்லது உட்கார்ந்தபடியாவது, ‘ஏன் பராமரிக்கவில்லை?’ என்று ஒரு துணைக் கேள்வி போட வழியில்லை. கேள்வி எழவில்லை என்ற வாக்கியம் இந்த அர்த்தத்தில் அட்சர சுத்தமான உண்மை.

2

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருப்பவன். இருபது வருஷத்துக்கு மேலாக என் வேலை எண்ணுவது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பின் கார்டு: வந்தது, போனது, இருப்பது. மூன்று கட்டம். இதில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம். வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்து ஒரு பெட்டி போல்ட் குறைகிறது என்றால் நான் பதில் சொல்ல வேண்டும். ‘கார்டு போடவில்லை, ஆகவே குறைவு என்ற பேச்சே எழவில்லை’ என்று நான் சொன்னால் என்ன நடக்கும் என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கார்டு போடாததுதான் முதல் குற்றமாக எழுதப்படும். குறைவு அதற்குப் பிறகு.

அன்று வைக்கப்பட்ட பதில்களில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஊர் திரும்பிய தொழிலாளர்கள்: 1,04,66,152 பேர். மாநிலவாரியாகப் பட்டியல், உத்தரப் பிரதேசத்துக்கு 32 லட்சத்துக்கு மேல், பீகாருக்கு 15 லட்சம். ஒரு கோடியைத் தாண்டிய கணக்கில் கடைசி இரண்டு பேர்வரை எண்ணியிருக்கிறார்கள். என் தொழில் புத்திக்கு முதலில் பட்டது இதுதான். இது ‘வந்தது’ என்ற கட்டம். ‘போனது’ என்ற கட்டம் எங்கே? புறப்பட்டவர்கள் எத்தனை என்று எழுதப்படாதவரை வந்து சேராதவர்கள் எத்தனை என்பது தெரியாது. கழித்தலுக்கு இரண்டு எண் வேண்டும். ஒன்றை மட்டும் கடைசி இலக்கம்வரை எழுதி, மற்றதை எழுதாமல் விட்டால், கழித்தல் செய்ய முடியாது.

எங்கள் ஊரில் அந்த ‘போனது’ எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்தவன் நான். மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு. நான்கு மணி நேரத்தில் நாடு மூடப்பட்டது. சிப்காட்டுக்குப் பின்னால் எங்கள் தெருவில் வரிசை வீடுகள் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அறைகள், அறைக்கு மூன்று நான்கு பேர், பீகார், ஒரிசா, ஜார்கண்டு. ஷிப்டு முறையில் படுக்கிறவர்கள் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் அறையில் இருந்து யாரும் பார்த்ததில்லை. அந்த ஏப்ரலில்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். படுக்க இடமில்லாமல் தெருத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏப்ரல் இறுதியில் தமிழ்நாட்டில் ஒரு தொற்றுகூடப் பதிவாகாமல் மிஞ்சியிருந்த மாவட்டம் கிருஷ்ணகிரி ஒன்றுதான். அந்தச் சுழியைப் பற்றி ஊரில் ஒரு பெருமைகூட இருந்தது. ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் தமிழ்நாட்டுப் போலீஸ். தாண்டினால் அத்திப்பள்ளியில் கர்நாடகப் போலீஸ்.

மே மாதம் ஒரு நாள் எதிர் அறைப் பையன் ஒருவன் வந்து கதவருகே நின்றான். தமிழும் கன்னடமும் ஹிந்தியும் கலந்த ஒரு பாஷை இந்த எல்லையில் எல்லோருக்கும் வரும். ‘அண்ணா, ட்ரெயின் ஃபாரம் போடணும்’ என்றான். என் ஃபோனில் பதிவுப் பக்கத்தைத் திறந்து நான்தான் நிரப்பினேன். பெயர், அப்பா பெயர், ஆதார் எண், மாவட்டம், இறங்க வேண்டிய ஸ்டேஷன். அவன் சொல்லச் சொல்ல எழுத்து எழுத்தாகத் தட்டினேன். இரண்டு முறை தப்பாகப் போட்டுத் திருத்தினேன். பதிவு எண் ஒன்று எஸ்.எம்.எஸ்ஸில் வந்தது. மூன்று நாள் தினமும் வந்து, ‘ஆயா க்யா, அண்ணா?’ என்று கேட்டான். நான்காம் நாள் அறையில் பூட்டு தொங்கியது.

வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். ‘ராத்திரியே போயிட்டாங்க சார். நடந்து போறாங்களோ லாரி பிடிச்சாங்களோ. ரெண்டு மாசம் பாக்கி’ என்றார். அவர் நோட்டில் அவர்கள் இருந்தார்கள்: நாலாம் நம்பர், பீகார் பசங்க, மூணு ஆள், இவ்வளவு ரூபாய். பெயர் இல்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல நான் யார்? என் விரலால் நான் தட்டிய பெயர் எனக்கு இன்று ஞாபகமில்லை.

3

‘கேள்வி எழவில்லை’ என்பது தர்க்கத்தில் ஒரு நியாயமான பதில்தான். கல்யாணமே ஆகாதவனிடம் மாமனார் ஊர் எது என்று கேட்டால் அவன் அப்படிச் சொல்லலாம். கேள்வி எதன்மேல் நிற்கிறதோ அது பொய் என்றால் கேள்வியும் விழுந்துவிடும். ‘யாரும் சாகவில்லை’ என்று அமைச்சகம் சொல்லியிருந்தால், இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்பது பொருந்தும். அது பொய்யாக இருந்திருக்கும், ஆனால் பொருந்தியிருக்கும். அமைச்சகம் அப்படிச் சொல்லவில்லை. செத்தார்களா என்று நம்மிடம் கணக்கு இல்லை என்றது. கணக்கு இல்லாத இடத்தில் கேள்வி விழுவதில்லை. அங்கேதான் அது கட்டாயமாகிறது. செத்திருக்கலாம் என்பது திறந்து கிடக்கும்போது, கொடுத்தீர்களா என்பதற்கு ‘இல்லை’ என்ற பதில் உண்டு; ‘இனி தேடிக் கொடுப்போம்’ என்ற பதிலும் உண்டு. இரண்டையும் விட்டு ‘எழவில்லை’ என்றது அந்தக் காகிதம். ஆக, முதல் வரியில் ‘தெரியாது’ என்று இருந்தது இரண்டாம் வரிக்குள் ‘நடக்கவில்லை’ என்று ஆகிவிட்டது. நடுவில் யாரும் எதையும் சொல்லவில்லை. பொய் சொல்லாமலேயே பொய்யின் பலன் கிடைத்துவிட்டது.

இதை வெறும் அறியாமை என்று விட்டுவிடலாமா? பெரும் நோய்க் காலத்தில் எந்த அரசும் திணறும். எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்க முடியாது என்பது ஒரு வாதம். நேர்மையான வாதம்தான். ஆனால் அறியாமையில் இரண்டு உண்டு. கைக்கு எட்டாததால் வரும் அறியாமை; கையை நீட்டாததால் வரும் அறியாமை. எது எது என்று எப்படிப் பிரிப்பது? எட்டியிருக்குமா என்று பார்க்க வேண்டும்.

எட்டியிருக்கும் என்பதற்குச் சாட்சி அதே கூட்டத் தொடரிலேயே இருக்கிறது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 18 அன்று, மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் தந்த எழுத்து மூலப் பதிலில், தொழிலாளர் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை இறந்தவர்கள் 97 பேர் என்று இருக்கிறது. மாநிலப் போலீஸ் தந்த விவரம் அது. எத்தனை உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன என்ற விவரமும் உண்டு. அதாவது பெட்டிக்குள் செத்தவனுக்குக் கார்டு இருந்தது. தண்டவாளத்தில் செத்தவனுக்கு இல்லை; மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 பேர்மேல் சரக்கு ரயில் ஏறிய செய்தியை உலகமே படித்தது. பத்திரிகைச் செய்திகளை மட்டும் வைத்துச் சில தனி நபர்கள், பசியாலும் நடையாலும் விபத்தாலும் தற்கொலையாலும் நேர்ந்த சாவுகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். ஜூலை முடிவதற்குள் அந்தப் பட்டியல் 900ஐத் தாண்டியிருந்தது. மகாராஷ்டிரத்திலிருந்து நடந்து வந்து செகந்திராபாதில் விழுந்து செத்த நாமக்கல் பக்கத்து இளைஞன் ஒருவனின் செய்தியும் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்திருந்தது. ஒரு அறையில் உட்கார்ந்து சிலரால் முடிந்தது ஓர் அமைச்சகத்துக்கு முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

சட்டமும் இருந்தது. 1979ஆம் வருஷத்து மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம். ஐந்து பேரோ அதற்கு மேலோ அழைத்து வருகிற ஒப்பந்தக்காரன் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டும். ஊருக்குப் போய்வர வழிச்செலவு தர வேண்டும். விபத்தில் ஒருவன் செத்தால் அவனுடைய மாநிலத்துக்கும், வேலை செய்யும் மாநிலத்துக்கும், நெருங்கிய உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும். அதை எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: வேற்றூரில் சாகிறவனின் சாவு இரண்டு எல்லைகளுக்கு நடுவில் விழுந்து காணாமற் போகும். எங்கள் தெருவில் அந்தப் பாஸ் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. இந்தச் சட்டம் ரத்தாகிப் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போவதற்கான மசோதா, அதே கூட்டத் தொடரில் செப்டம்பர் 22இல் மக்களவையிலும் 23இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 23 அன்றே, குறித்த தேதிக்கு எட்டு நாள் முன்னதாக, கூட்டத் தொடரும் முடிந்துவிட்டது.

இன்னொன்று. மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் சார்பில், காலை 11 மணி நிலவரப்படி சாலையில் யாரும் இல்லை என்று சொல்லப்பட்டது. சாலையில் யாரும் இல்லை என்று மணி குறித்துச் சொல்ல முடிந்த அரசுக்கு, சாலையில் யார் செத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. எல்லைக்கு அப்பால் மே 5 அன்று, கட்டுமானத் தொழிலதிபர்களைக் கர்நாடக முதல்வர் சந்தித்த பிறகு, தொழிலாளர்களுக்காகக் கேட்டிருந்த ரயில்கள் வேண்டாம் என்று முடிவாயிற்று. எதிர்ப்பு கிளம்பி ஓரிரு நாளில் அந்த முடிவு மாறியது. எத்தனை கைகள் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்பது தெரிந்திருந்தது.

4

இதையெல்லாம் பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். கவிஞர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘நீர் ஸ்டோர்ஸ்காரர், எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்தர் கேட்கிறீர்’ என்றார். எண்ணுவதே அதிகாரத்தின் காரியம். மனிதனை எண்ணாக்குவதுதான் இந்த யுகத்தின் பாவம். எழுத்தாளன் எண்ணிக்கைக்கு வெளியே நிற்கும் தனி மனிதனின் பக்கம் இருக்க வேண்டியவன். போய் அரசாங்கத்திடம் இன்னொரு பட்டியல் கேட்பதா என்றார்.

இது நம்முடைய சிறுபத்திரிகைச் சூழலில் ஊறிப்போன மனோபாவம். எனக்கும் இது அந்நியமல்ல. ஆனால் அந்தப் பையன் எண்ணப்படாதவனா? ஆதாரில் பத்து விரலும் பதிந்தவன். தொழிற்சாலை வாசலில் தினமும் கட்டைவிரல் வைத்தவன். கேட் பாஸ் எண், ஒப்பந்தக்காரனின் வருகைப் பதிவு, சாவடியில் பெயர், பதிவுப் பக்கத்தில் அப்பா பெயர். உயிரோடு இருந்தவரை அவனை எண்ணாத இடமில்லை. செத்தால் மட்டும் எண்ணும் கண் மூடிக்கொள்கிறது. ஆகவே, எண்ணுவது பாவமா என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. அவனிடமிருந்து வாங்குவதற்கு எண்ணுகிறவர்கள் அவனுக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் ஏன் நிறுத்திவிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். ‘எண்ணிக்கைக்கு வெளியே நிற்கும் தனி மனிதன்’ என்று நாம் கவிதையில் கொண்டாடுகிற இடத்திலேயே அரசும் அவனை அன்று வைத்துவிட்டது. அங்கே அவன் சுதந்திரமாக ஒன்றும் இல்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. அந்த மாதங்களில் நடந்துபோகும் பாதங்களைப் பற்றி நாம் எழுதிய கவிதைகள் எத்தனை! நானும் ஒன்று எழுதினேன். பாதம், கொப்புளம், தார், நிலா. அதில் ஒரு பெயரும் இல்லை. பெயரில்லாமை அதற்கு ஒருவிதக் கம்பீரம் தருவதாகக்கூட நினைத்தேன். என் ஃபோனிலிருந்து போன பெயர் அது என்பது கவிதை எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பக்கத்து மண் இதில் நமக்கு ஒன்று சொல்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல். அரசனின் ஆட்சியாண்டு, ஊர், யாருடைய சேவகன், பெயர், என்ன செய்து பட்டான் — இவ்வளவும் ஒரு கல்லில். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது: கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குத் தரவு பராமரிக்கப்பட்டிருக்கிறது. இதைப் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. நடுகல்லும் எல்லோருக்கும் வைக்கப்பட்டதல்ல. ஊர் மாட்டுக்காகச் செத்தவனுக்கு ஊர் வைத்தது. பஞ்சத்தில் செத்தவனுக்கும் பிள்ளைப் பேற்றில் செத்தவளுக்கும் கல் அநேகமாக இல்லை. நம் காரியத்தில் பட்டால்தான் சாவு சாவு என்ற கணக்கு அங்கேயும் உண்டு. ஆனால் அந்தக் கணக்குப்படி பார்த்தாலும், இங்கே வண்டி வண்டியாக வெளியே போகிற ஸ்கூட்டரும் லாரியும் யார் கை பட்டவை?

சிலப்பதிகாரத்தை மேடைப் பேச்சாளர்களிடமிருந்து மீட்டு ஒருமுறை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். கோவலன் பிழைப்புத் தேடி வேற்று ராஜ்யத்துக்கு நடந்து வந்தவன். அந்நிய நகரத்தில் விசாரணையின்றிச் செத்தவன். பாண்டியனும் அறியாமல்தான் செய்தான். கேள்வி எழுந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அவன் மனைவி உயிரோடு அந்த ஊரில் இருந்தாள், வாயிலோன் அவளை உள்ளே விட்டான். கேட்டது தெரிந்தபின், விசாரிக்காததே தன் குற்றம் என்று அரசன் எடுத்துக்கொண்டான். எனக்குத் தெரியாது, ஆகவே உன் கேள்வி எழவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இன்று அவள் சரண் மாவட்டத்திலோ கஞ்சத்திலோ இருக்கிறாள். அவள் ஓட்டு அங்கே. அவன் உழைப்பு கிருஷ்ணகிரித் தொகுதியில். அவன் செத்தது இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு நெடுஞ்சாலையில். மக்களவையில் 543 தொகுதிகளுக்கு இருக்கை உண்டு. சாலைக்கு இல்லை.

5

எண்ணிக்கை துக்கமாகாது என்பதை நண்பருக்கு ஒப்புக்கொள்கிறேன். 97 என்று எழுதிவிட்டதால் யாரும் 97 பேருக்காக அழுதுவிடவில்லை. ஆனால் எண் என்பது ஒரு கேள்வி நிற்பதற்கான இடம். 97 என்று எழுதியவனிடம் ‘யார் அந்த 97?’ என்று கேட்கலாம். அப்படித்தான் பெயருக்குப் போக முடியும். எண்ணே இல்லாத இடத்தில் கேட்கிறவனுக்குக் கால் வைக்க இடமில்லை. ‘தரவு இல்லை’ என்று சொல்லும் அரசு இறந்தவனை மறைக்கிறது என்பது மட்டுமல்ல, அவனைப் பற்றிக் கேட்கக்கூடியவனையும் முன்கூட்டியே அகற்றிவிடுகிறது. 2021 ஜூலை 20 அன்று, ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று மாநிலங்களவையில் வைக்கப்பட்ட பதிலும் இந்த இலக்கணத்தில் எழுதப்பட்டதுதான். ஒருமுறை பலித்த வாக்கியம் மறுமுறை தயாராக இருக்கும்.

இதை எழுதத் தொடங்கிய பிறகு, அலமாரியில் கிடந்த பழைய ஃபோனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் உயிர் வந்தது. 2020 மே மாதத்து எஸ்.எம்.எஸ் இருக்கிறது. அதில் பெயர் இல்லை. பதிவு எண் மட்டும்தான். அவன் போய்ச் சேர்ந்தானா, அந்த 1,04,66,152இல் ஒருவனா என்பதை அது சொல்லாது. ஆனால் எங்கோ ஒரு பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே நான் தட்டிய பெயர் இருந்தது. இரண்டு முறை திருத்திச் சரியாகத்தான் போட்டேன்.

எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்குப் போட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.